நூலும் எச்சிலும்

பார்லரில் எல்லாருக்கும் அவள் 'நூலு'தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் புருவம் திருத்தினால், போன முடிக்கே தான் போனது தெரியாது. ஆனால் கொஞ்ச நாளாக, அவள் குனிந்ததும் எதிரில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலாளியம்மா உடைத்தே சொல்லிவிட்டாள். "வாய் நாறுதுடி. அடுத்த மாசத்துலருந்து தலை அலசுற பக்கம் போயிடு."

இரண்டு வேளையும் பல் தேய்க்கிறவள் நூலு. வீட்டுக்கு வந்ததும் நேராக அண்ணியைப் பிடித்தாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. நாறுதா?"

"அப்படி ஒண்ணும் பெருசா இல்ல... நீ கொட்டாவி விட்டா பூனை எழுந்து போயிடுது."

"அடப்பாவமே! ஏன் சொல்லல?"

"எப்படிடி சொல்றது? நீதான் தொட்டாச்சிணுங்கியாச்சே!"

அண்ணியே அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டரம்மா பல்லையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, நாக்கின் பின்பக்கத்தை லேசாகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

நூலு திரையை ஒட்டிக் குனிந்து பார்த்தாள். திரை முழுக்க உயிர்கள். சில சுருள்சுருளாக நெளிந்தன. சில குச்சி மாதிரி சரசரவென்று ஓடின. திருவிழாக் கூட்டம் தோற்றது போங்கள்!

"இவ்வளவும் எனக்குள்ளயா டாக்டர்?"

"எனக்குள்ளயும்தான். காத்து படாத பின்நாக்குல உக்காந்து சாப்பாட்டு மிச்சத்தைத் தின்னுட்டு வாயு விடும். அதான் நாத்தம். எச்சில்தான் அப்பப்போ அலசி விடும். வேலையில தண்ணி குடிப்பியா?"

"ஐயோ, வாய் ஈரமானா நூல் வழுக்குமே! காலையிலருந்து சொட்டுத் தண்ணி தொட மாட்டேன். எச்சில் ஊறினாலும் துண்டால துடைச்சிடுவேன்."

டாக்டர் தலையில் கை வைத்தார். "ஆத்துக்கு அணை கட்டிட்டு ஊரு நாறுதுங்கிற! தண்ணி குடி. நாக்கைப் பின்னால வரைக்கும் மெதுவா வழி. அப்பவும் போகலன்னா தொண்டை, வயிறுன்னு பாக்கலாம்."

அதெல்லாம் சரி, நூலை எங்கே கடிப்பது? அண்ணிதான் சொன்னாள்: "கழுத்துல மாட்டிக்கோயேன்." பல் இழுத்த வேலைக்குக் கழுத்து பழக வேண்டியிருந்தது. அண்ணியின் கை முடியெல்லாம் அதற்குப் பலியானது. "கோழி உரிக்கிறியாடி?" என்று அவள் அலறாத நாளில்லை.

மாதக் கடைசியில் முதலாளியம்மாவே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு எடு. பாப்போம்."

நூலு கழுத்தில் நூலை மாட்டி, குனிந்தாள். நெற்றியோடு நெற்றி முட்டுகிற தூரம். வாய் திறந்தே கேட்டாள்: "வளைவு கூடுதலா வேணுமாக்கா?"

முதலாளியம்மா கண்ணை மூடியபடி ஒரு நீள மூச்சு இழுத்தாள். "கொஞ்சமா போதும். ஏய், வெளிய உக்காந்திருக்கறவங்கள வரச் சொல்லுங்கடி, நூலு எடுப்பா!"

நூலு நாக்கை மேலண்ணத்தில் ஓட்டினாள். எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல், தானாக, உள்ளே ஓர் ஊற்று.