லூமிர் கமெலிக் எழுப்பிய இரைச்சல்

ஸ்கேனரில் வரும் இரைச்சல் லூமிர் கமெலிக்கின் உடம்பிலிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷமும், இருபத்தொரு மின்விளக்குகளும், பக்கத்துப் பண்ணைக்காரரின் நட்பும் செலவாயின. நெப்ராஸ்காவின் புரோசெக் ஊரில் ஸ்கேனர் இல்லாத சமையலறை கிடையாது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், ஷெரீஃப் என்று ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவித்தாவி ஒட்டுக்கேட்கும் அந்தச் சின்ன வானொலிப் பெட்டியைக் கேட்டுத்தான் யார் வீட்டில் நெருப்பு, யார் டிராக்டரோடு பள்ளத்தில் கிடக்கிறார் என்று ஊர் தெரிந்துகொள்கிறது. லூமிரின் மனைவி வெர்னா அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். மகள் ஜோலீன் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் சேர்ந்த அக்டோபர் மாதம், அந்தப் பெட்டி காய்ந்த மக்காச்சோளத் தோகையைக் கசக்குவதுபோல் இரையத் தொடங்கியது. மகள் நெருப்புக்குள் போயிருக்கும் நேரத்தில்தான் இரைச்சல் மிக மோசமாக இருந்தது. வெர்னாவால் எதையும் கேட்க முடியவில்லை.

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. புதுமாதிரி விளக்குகள்தான் காரணம் என்று ஒருவர் சொல்ல, வீட்டிலிருந்த இருபத்தொன்றையும் கழற்றிப் பழைய குண்டு பல்புகளை மாட்டினாள். இரைச்சல் போகவில்லை. செல்போன் சார்ஜரைப் பிடுங்கினாள், தொலைக்காட்சியைப் பிடுங்கினாள், குளிர்பதனப் பெட்டியைப் பிடுங்கி ஒரு வாரத்துப் பாலைக் கெடுத்தாள். செம்புக் கம்பியை மண்ணில் எட்டடி ஆழத்துக்கு அடித்து இறக்கினாள். ஆன்டெனாவைக் கூரையிலிருந்து கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து காற்றாலைக்கும் மாற்றினாள். புது ஸ்கேனர் வாங்கினாள். பழையதைவிடத் தெளிவாக அது இரைந்தது. கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரரின் மின்வேலிதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, ஒரே ஒரு நாள் அணைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் அணைத்தார். ஏழு கிடேரிகள் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன. இரைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டார் தேவாலயத்தில் வெர்னாவைக் கண்டால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இத்தனைக்கும் லூமிர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏணியைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார். அவர் ஏணிக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் பெட்டி இன்னும் கூடுதலாகக் கத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

தீயணைப்புக் குழுத் தலைவர் டுவேன் ஓஸ்ட்மன் விதைக்கடை நடத்துபவர், வானொலிப் பைத்தியம். தீயணைப்பு வண்டியிலிருந்த ரேடியோவும் கமெலிக் பண்ணையைத் தாண்டும்போது கரகரக்கவே, ஒரு சனிக்கிழமை, இரைச்சல் வரும் திசையைக் காட்டிக்கொடுக்கும், மீன் முள் மாதிரியிருந்த ஒரு கை ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் சுற்றினார். முள் கோழிக்கூட்டைக் காட்டியது. லூமிர் முட்டைக் கூடையோடு வெளியே வந்து வீட்டுக்குள் போனார். முள் வீட்டைக் காட்டியது.

"லூமிர், கொஞ்சம் கொட்டகைப் பக்கம் போயிட்டு வா," என்றார் டுவேன். லூமிர் போனார். முள்ளும் போனது.

"காலைல என்னத்த முழுங்கின?"

"ரெண்டு முட்டை."

பெல்ட்டைக் கழற்றினார்கள், கல்யாண மோதிரத்தைக் கழற்றினார்கள், பல் செட்டைக்கூட எடுத்து வேலித்தூணில் வைத்துப் பார்த்தார்கள். வெர்னா முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாப்பத்தோரு வருஷமா இந்த மனுஷன் வாயத் தொறக்கமாட்டேங்கறாரேன்னு புலம்பிட்டிருக்கேன் டுவேன். பாத்தா, மொத்தக் காத்துலயும் இவருதான் பேசிட்டிருக்காரு."

மாவட்ட மருத்துவர் லூமிரைச் சோதித்துவிட்டு, இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல ரத்த அழுத்தம் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார். தீர்வையும் டுவேனேதான் சொன்னார். இரும்புக்குள் அடைத்தால் அலை வெளியே வராது. அன்றிலிருந்து ஊர்ச் சங்கு ஊதியதும் லூமிர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காலியாக இருந்த இரும்புத் தகட்டுத் தானியக் குதிருக்குள் போய் உட்கார்ந்தார். வெர்னா இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்து தெள்ளத்தெளிவாகக் கேட்டாள். அவர் முனகக்கூட இல்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் குதிர் வாசலில் வைத்தே கேட்டாள்:

"அவ நெருப்பணைக்கப் போறது பிடிக்கலன்னா அவகிட்டயே சொல்லித் தொலையேன்."

"பிடிக்கலன்னு யாரு சொன்னா?"

"ஸ்கேனர் சொல்லுது."

லூமிர் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, கதவைச் சாத்தும்படி சைகை காட்டினார்.

ஜோலீன் குழுவில் சேர்ந்த பிறகு வந்த நாலாவது ஏப்ரலில் மழையே இல்லை. ஒரு செவ்வாய் மதியம் வடக்குக் குன்றுகளில் அறுந்து விழுந்த மின்கம்பி புல்லைப் பற்றவைத்தது. காற்று லாரிகளைக் கவிழ்க்கும் வேகத்தில் இருந்தது. ஜோலீனும் வண்டியோட்டியான ஒரு பெண்ணும் சின்ன நீர்வண்டியில் முன்னால் போனார்கள். மூன்று மணிவாக்கில் ஜோலீனின் குரல் சமையலறையில் துல்லியமாகக் கேட்டது: "புகை மூடிருச்சு. பாதை தெரியல." அடுத்த நிமிஷம் குன்றின்மேலிருந்த ரேடியோ கோபுரத்துக்கு மின்சாரம் போயிற்று. கோபுரம் இல்லாமல் வண்டியின் பேச்சு யாருக்கும் எட்டாது. யாருடைய பேச்சும் வண்டிக்கு எட்டாது. ஸ்கேனர் தாவித்தாவித் தேடியது. ஒன்றுமில்லை. மூன்று வருஷமாக வெர்னா ஏங்கிய சுத்தமான மௌனம் அதுதான். அதை அவளால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் குதிரின் கதவைத் திறந்தாள்.

"வெளிய வா."

"அணைஞ்சிருச்சா?"

"இல்ல. ஜோலீனுக்கு வழி தெரியல. குதிர் உச்சிக்கு ஏறு. ஏறி நில்லு, போதும்."

லூமிருக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் சரியில்லை. முப்பதடி ஏணியை நிற்காமல் ஏறினார். உச்சியில் நின்று வடக்கே புகையைப் பார்த்தார். அவர் பார்த்த கணத்தில் வெர்னாவின் ஸ்கேனர் குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்து நடுங்கி நகர்ந்து கீழே விழுந்தது. மூன்று ஊர்களில் தொலைக்காட்சி மறைந்தது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு ஓரங்கட்டினார்கள். ஆறு மைல் தள்ளி, புகைக்குள், செத்துக்கிடந்த ரேடியோ சோளத்தோகை கசங்குவதுபோல் மெல்ல இரையத் தொடங்கியதை ஜோலீன் கேட்டாள். அம்மா வீட்டு மேசையில் எத்தனையோ சாப்பாட்டு வேளைகளில் கேட்ட சத்தம்.

"அது எங்கப்பா," என்றாள். "இடப்பக்கம் திருப்பு. கொறையுது. வலப்பக்கம். ஆங், கூடுது, இப்படியே போ."

"முன்னால வேலி இருக்கு."

"இருந்தா இருக்கட்டும்."

நாலு வேலிகளை முறித்துக்கொண்டு, ஒரு ஓடையையும் தாண்டி, பெயின்ட் கருகிய வண்டி கமெலிக் முற்றத்துக்குள் நுழைந்தபோது நாலே கால். லூமிர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மகளின் முகத்தில் கரி, புருவம் பாதி இல்லை. அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"வேலிய யாரு சரிபண்றது?" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நீ போறப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு, ஜோலீன்."

"தெரியும்ப்பா. ஊருக்கே கேக்குது."

சொல்லிவிட்டதால் இனி நின்றுவிடும் என்று வெர்னா நம்பினாள். மறுநாள் காலை ஸ்கேனர் முன்பைப்போலவே இரைந்தது. ஜோலீன் குழுவிலிருந்து விலகவில்லை, இரைச்சலும் விலகவில்லை. வாயைத் திறந்தும் இந்த மனுஷனால் பிரயோசனமில்லை என்று வெர்னா ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்திலிருந்து, உங்கள் முகவரியில் உரிமமின்றி இயங்கும் கருவியை முப்பது நாளில் அணைக்கவும் என்று கடிதம் வந்தது. முடிந்தால் நீங்களே வந்து அணையுங்கள் என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதித் திருப்பியனுப்பினாள். ஒருவர் வந்தார், லூமிரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்தார், கருவி எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த ஜூனில் பக்கத்து மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு ஜோலீனுக்குக் கல்யாணம். லூமிர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்தின் நடுப்பாதையில் நடந்து வர வர, பாதிரியாரின் சட்டையில் குத்தியிருந்த மைக் கரகரக்கத் தொடங்கியது. பீடத்தை நெருங்கியபோது ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒருசேர இரைந்தன. மாப்பிள்ளை வீட்டார் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்ன கோளாறு இது?" என்று மாப்பிள்ளையின் மாமா முன்வரிசையில் இருந்த வெர்னாவிடம் குனிந்து கேட்டார்.

"பொண்ணோட அப்பா," என்றாள் வெர்னா.

பாதிரியார் மைக்கை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமி, கடைசி வரிசைக்கும் எட்டும்படி உரத்த குரலில் தொடங்கினார்.