முத்துப்பாண்டியைச் சுற்றிய சுண்ணாம்பு வட்டம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நான்குவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருஷத்தில், பொக்லைன் ஓட்டும் முத்துப்பாண்டியைச் சுற்றி ஒரு சுண்ணாம்பு வட்டம் விழுந்தது. அவன் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடப் போனது. முதலில் அதைப் போட்டவள், பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்த ரெனிட்டா. பொக்லைனின் கை சுழன்றால் எதுவரை எட்டுமோ அதுவரை பொடியைத் தூவி, இதற்குள் யாரும் சும்மா வரக்கூடாது என்றாள். வரவேண்டுமானால் டிரைவர் மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, லீவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டி, வருகிறவர் கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். டிரைவர்களில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

தப்பு நடந்தது வகுப்பு முடிந்த பிறகுதான். வண்டியைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுச் சும்மா போக நம் ஆட்களுக்கு மனசு கேட்கவில்லை. வட்டத்துக்கு ஏது மூலை என்றுகூட யோசிக்காமல் நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆயுத பூஜை மாதிரி கற்பூரம் காட்டி, சீட்டில் உட்கார்ந்திருந்த முத்துப்பாண்டிக்கும் திருநீறு பூசிவிட்டார்கள். சாயங்காலம் அவன் இறங்கி நடந்தபோது வட்டம் கொஞ்சம் சுருங்கி, வண்டியை விட்டுவிட்டு அவனோடு கிளம்பியது.

அவன் பார்த்துத் தலையசைக்காமல் யாராலும் கோட்டைத் தாண்ட முடியவில்லை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. வேலையிடத்தில் இது வசதியாகத்தான் இருந்தது, ஒருத்தருக்கும் அடிபடவில்லை. மினி பஸ்ஸில் மட்டும் கண்டக்டர் முணுமுணுத்தார். அவன் ஊரான வ. புதுப்பட்டியின் ஜனங்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வயலைப் பார்க்கப் போனார்கள்.

வீட்டில்தான் சிக்கல். முத்துப்பாண்டி நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, கைநீட்டியதும் கிடையாது. ஆனால் கல்யாணமான புதுசோடு சரி, அப்புறம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. சோறு கேட்பதும் செல்போனைப் பார்த்துத்தான். பானுப்பிரியா சொல்லிச் சொல்லி அலுத்து, பேச்சையே விட்டிருந்தாள். இப்போது பக்கத்தில் வரவும் வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு கோட்டருகில் வந்து நின்றாள். அம்மா வீட்டுக்குப் போவதாகவும் திரும்பி வருவது சந்தேகம்தான் என்றும் சொல்லி, வீட்டுச் சாவியை நீட்டினாள். கை உள்ளே வரவில்லை.

சாவியை வாங்குவதற்காவது அவன் பார்த்தாக வேண்டியிருந்தது. போனைத் தரையில் வைத்தான். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். நிமிர்ந்து பார்த்தான். அவள் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆளே பாதியாகியிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எப்ப இருந்து இப்படி இருக்க, பானு?"

"ரொம்ப நாளாச்சு. நீங்கதான் பாக்கல."

அவன் தலையசைத்தான். பார்த்த பார்வையை எடுக்காமல் இருந்தான். அவள் பையை வெளியே வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டினாள்.

மழைக்காலத்திலும் கோடு கரையவில்லை. கேள்விப்பட்ட ரெனிட்டா, தண்ணீர் லாரி கொண்டுவந்து அடித்து அழித்துவிடலாம் என்று வீட்டுக்கே வந்தாள். பானுப்பிரியா வாசலில் மறித்தாள்.

"கெடக்கட்டும் மேடம். இது இருக்கப்போயித்தான் இவிய என்னைப் பாக்காவ."

லாரி திரும்பிப் போனது. இப்போது இருவரும் பைக்கில் அய்யனார் கோவிலுக்குப் போனால் வட்டமும் ரோட்டில் கூடவே ஓடுகிறது. அவள் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வருகிற வண்டிகள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கின்றன.