கடைசிப் பாட்டின் கிற்றார்

என் காது கொஞ்சம் கர்வம் பிடித்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

2007 ஆவணி. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டின் பக்கத்து அறைதான் ஸ்ரூடியோ. சுவர் முழுக்க முட்டை அடுக்குகிற அட்டை, யன்னலில் சாக்கு, உள்ளே ஒரு கொம்பியூட்டர், என் தம்பி குகதாசன், அவனுடைய கிற்றார், நான். சண்டையால் வன்னிக்கு வருகிற பாதை பூட்டி ஒரு வருடமாகியிருந்தது. உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நிற்கிற ஊரில் கிற்றாருக்குப் பெட்டி வாங்க எங்கே போவது?

கிற்றாரிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தைத் தூக்கி, அதற்குச் சூடும் கரகரப்பும் கொடுக்கிற பெட்டியை ப்ரீஆம்ப் என்பார்கள். எங்களிடம் இருந்தது அந்தப் பெட்டியைப்போல நடிக்கிற ஒரு சொஃப்ட்வெயர். பாதை திறந்திருந்தபோது, வவுனியாவில் என்னோடு ஒலிப்பதிவு படித்த றுஸ்னா கொடுத்தனுப்பிய சீடி. திரையில் குமிழ்கள் தெரியும், மவுஸால் திருப்பலாம். ஆனால் அது இலவசமாகப் பார்க்கக் கொடுத்த சீடி. வைத்த அளவுகளைச் சேமிக்கச் சொன்னால், காசு கட்டு என்று எழுதிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். ஜெனரேற்றர் நின்றால் குமிழ் எல்லாம் பழையபடி நடுவுக்குப் போய்விடும்.

அந்தக் குறைதான் என் தம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஒரு பிள்ளை இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போகவேண்டும் என்றிருந்த காலம். எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்த கால் என்பதால் என்னைக் கேட்கவில்லை. குகனைக் கேட்டார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் இயக்கத்துக்குப் பதிந்துகொண்டிருந்த இசைத்தட்டுக்குப் பொறுப்பான செல்வநாயகம் மாஸ்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்: பத்துப் பாட்டும் முடியும்வரை இவர் ஒலிப்பதிவுக்குத் தேவை. ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பத்தாவதை மூன்று மாதமாக நான் முடிக்காமல் வைத்திருந்தேன்.

மாஸ்டர் கிழமைக்கு இரண்டு தரம், ஒரு கலன் மண்ணெண்ணெயோடு சைக்கிளில் வருவார்.

“என்ன பிள்ளை, சரிவந்திட்டுதோ?”

“இல்லை மாஸ்டர். நேற்றுக் கிட்ட வந்தது. எண்ணெய் முடிஞ்சு ஜெனரேற்றர் நிண்டதோட போயிட்டுது.”

“தம்பி முதலே வாசிச்சு வைச்சிட்டாரெல்லோ?”

“சவுண்ட் மாற விரலும் மாறோணும் மாஸ்டர். திரும்ப வாசிச்சாத்தான் பொருந்தும்.”

அது புளுகு. வெறும் கிற்றாரை ஒருதரம் பதிந்துவிட்டால், பிறகு எல்லாவற்றையும் வாசித்தவன் இல்லாமலே குமிழைத் திருப்பிச் செய்யலாம். அதை மாஸ்டருக்குச் சொல்ல எனக்கென்ன விசரா?

கடிதம் கையில் இருந்தும் குகன் படலைக்கு வெளியே கால் வைப்பதில்லை. சந்தியில் ஆள் பிடிக்க மறிக்கிறவர்கள் நின்று கடிதம் வாசிக்கமாட்டார்கள். வீடு, அறை, கிணற்றடி, திரும்ப அறை. அதே பாட்டு, அதே இடம்.

“அக்கா, இந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்குச் சத்தி வருது.”

“சத்தி எடுத்திட்டு வந்து வாசி.”

அம்மா தன் பங்குக்கு, பாட்டு முடியாமல் இருக்கவேண்டும் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். இப்படி ஒரு நேர்த்தியை அம்மன் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டா.

ஒரு புதன்கிழமை, குகன் மூலையில் இருந்து வாசிக்க, சத்தத்தை இன்னும் கெடுப்பம் என்று ஒரு குமிழைத் திருப்பினேன். அது கெடவில்லை. குகன் என் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாசிப்பதுபோல, அவ்வளவு கிட்ட, அவ்வளவு உயிராக வந்தது. அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா, எழுதிப்போடாதேங்கோ.”

“எழுதேல்லையடா.”

அவன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனதும் கொப்பியில் எழுதினேன். கெயின் 6.3, பாஸ் 4, நடு 7, ட்ரெபிள் 5.5. கீழே ‘இதுதான்’ என்று எழுதி இரண்டு கோடும் அடித்தேன். மூன்று மாதம் வேண்டுமென்றே கெட்டதாகச் செய்து செய்து, நல்லது செய்ய மறந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். எல்லாம் அடங்கியபிறகு ஒருநாள் அந்தப் பாட்டைச் சரியாகச் செய்யலாம் என்றும் நினைத்தேன். கொப்பியைக் கீபோர்ட்டுக்குக் கீழே ஒளித்தேன்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்து அறையில் இருந்தபோது யன்னலில் அகப்பையால் அடிக்கிற சத்தம் கேட்டது. அட்டை ஒட்டிய அறைக்குள் குண்டு போடுகிற கிபிர் விமானம் வருவது கேட்காது. அம்மாவின் அகப்பைதான் எங்களுக்கு எச்சரிக்கை. நால்வரும் ஓடினோம். குகன் என்னை அரைவாசி தூக்கிக்கொண்டு முற்றத்துப் பங்கருக்குள் இறக்கினான். எங்கேயோ இரண்டு குண்டு விழுந்தன. தலையில் மண் கொட்டியது. அம்மா அவனுடைய சேர்ட்டைப் பிடித்தபடி இருந்தார்.

இரைச்சல் அடங்கியதும் மாஸ்டர் என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

கொப்பி.

பங்கருக்கு ஓடுகிறபோது அடையாள அட்டையைத் தூக்குவோம், நகையைத் தூக்குவோம். எந்த நேரத்தில் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“எல்லாத்தையும் விட்டிட்டு இதைத் தூக்கியந்திருக்கிறீர். என்ன பிள்ளை இது?”

கொடுக்காமல் இருந்திருக்கலாம். என் விரல் விட்டுக்கொடுத்துவிட்டது. வாசலால் வந்த வெளிச்சத்தில் பிடித்து அவர் வாசித்தார். கடைசி வரியில் கன நேரம் நின்றார்.

“எனக்கும் மேல கேக்கினம் பிள்ளை. இனி என்னாலயும் ஏலாது” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அறைக்குத் திரும்பினோம். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க நான் குமிழைத் திருப்பினேன். கெயினை ஐந்தில் விட்டேன்.

“ஆறு தசம் மூண்டு எண்டெல்லோ எழுதியிருக்கு.”

ஆறு தசம் மூன்றுக்குக் கொண்டுபோனேன். சித்திரையில் குகன் வாசித்து வைத்த வெறும் கிற்றார் அந்தக் குமிழ்களுக்குள்ளால் வந்தது. புதன்கிழமை வந்த அதே சத்தம். குகன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி வாசலில் நின்று, தன் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

“தம்பி திரும்ப வாசிக்கத் தேவையில்லையே” என்றார் மெல்ல. “முந்தி வாசிச்சதே பொருந்துதே.”

அவர் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். குகன் சேர்ட் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிறு காலை அவனை ஏற்ற வாகனம் வந்தது. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதார். குகன் பையைத் தோளில் போட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தான்.

“அக்கா, சவுண்ட் உண்மையாவே நல்லாயிருந்தது.”

ஆறுதலுக்குச் சொன்னான் என்றால் தாங்கியிருப்பேன். சத்த விஷயத்தில் அவன் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.