உட்கார ஒரு தியானம்

எங்கள் கூடத்தில் நாற்காலி கிடையாது. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுக்கும் இடம். ஈர விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மறு மூலையை என் மைத்துனன். உருளை நிற்காது, அதனால் நாங்கள் உட்கார முடியாது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை நின்றே தேய்ந்தவர்கள்.

மைத்துனனுக்குக் காலில் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். மணிக்குப் பத்து நிமிஷம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும், அப்புறம் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினோம். அவருக்கு நாங்கள் வைத்த பேர் விசில். உருளைச் சத்தத்தையும் மீறிக் கத்துகிற தொண்டை.

"ஒருத்தனுக்கு ஸ்டூல் போட்டா நாளைக்கு எல்லாரும் கட்டில் கேப்பீங்க."

சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஸ்டூலுக்குப் பதில் ஒரு டீச்சரம்மா வந்தார். தொழிலாளர் நலனுக்காகத் தலைமை அலுவலகம் அனுப்பியதாம். தியானமும் சீகோங்கும் சொல்லித் தருவாராம். சீகோங் என்றால் சீனத்து மூச்சுப் பயிற்சி. நலன் என்ற சொல்லைக் கேட்டாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான்.

சாப்பாட்டு வேளையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேலே அனுப்புவதற்காக விசில் போனில் படம் பிடித்தார்.

"மரம் மாதிரி நில்லுங்க. பெரிய பந்தைக் கட்டிப் பிடிச்ச மாதிரி கையை வைங்க. கால் வழியா சக்தி ஏறும்."

"நிக்கவா சொல்லிக்குடுக்க வந்தீங்க?" என்றேன். "அம்மா, இங்க நிக்கத் தெரியாதவன் யாரு?"

"மாமா, சும்மா இருங்க" என்றான் மைத்துனன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மத்த இடத்துல அஞ்சு நிமிஷத்துல ஆடிப்போயிடுவாங்க. நீங்க அசையவே இல்லையே!"

டீச்சரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாத முகம். அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

"அப்ப உருளைகிட்ட வந்து எங்ககூட நில்லுங்க. வேலையோட வேலையா உங்களுக்கும் சக்தி ஏறட்டும்."

வந்துவிட்டார். விசில் தடுக்கவில்லை. தடுத்தால் டீச்சரம்மா அதையும் மேலே சொல்லிவிடுவாரே! என் மூலையை டீச்சரம்மா கையில் கொடுத்தேன். ஐம்பது விரிப்புவரை சிரித்தார். நூறில் பந்தும் இல்லை, மரமும் இல்லை. நூற்றைம்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். விசில் விழுந்தடித்து ஓடி, தன் அறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

டீச்சரம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் குனிந்து மைத்துனனின் கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றினேன்.

"ஏம்மா, உக்காந்து பண்ற தியானம் உங்ககிட்ட இல்லியா?"

அந்தக் காலைப் பார்த்தார். விசிலையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இருக்கே. மணிக்குப் பத்து நிமிஷம். கண்ணை மூடிக்கிட்டு."

அதையே எழுதி மேலே அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் ஸ்டூல் வந்து இறங்கியது. டாக்டர் எழுதினபோது சோம்பேறித்தனமாக இருந்தது, டீச்சர் எழுதியதும் மன அமைதி ஆகிவிட்டது. மைத்துனன் உட்காரும்போது அவன் மூலையைப் பிடிக்க, மடிக்கிற பக்கத்திலிருந்து ஆளையும் அனுப்பினார்கள்.

ஒரே நிபந்தனை, கண் மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் திறந்தால் போதும், "டேய், வேடிக்கை பாக்கவா ஸ்டூல் போட்டிருக்கு?" என்று விசில் பாய்வார். மைத்துனன் மூடிக்கொள்கிறான். கால் நிறம் மெல்லத் தெளிகிறது.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். அந்நேரம் பார்த்து மைத்துனன் ஸ்டூலில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஸ்டூல் போச்சு, ஆளும் போச்சு என்று நினைத்தேன். விரிப்பை விட்டுவிட்டுப் போய் எழுப்பவும் வழியில்லை.

விசில் உதட்டில் விரலை வைத்தார். நுனிக்காலில் நடந்து அவர்களை ஸ்டூலருகே கூட்டிவந்தார்.

"ஆழ்ந்த நிலை சார்" என்று கிசுகிசுத்தார்.

வந்தவர்கள் கைகூப்பாத குறைதான். அவர்கள் கார் கிளம்பியதும் நேராக விசிலிடம் போய், எனக்கும் ஆழ்ந்த நிலை வேண்டும் என்று பேர் கொடுத்துவிட்டேன்.