நாக்குக்கு லீவு

வாயால் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர். உறிஞ்சியாரும் வாயால் பிழைத்தவர்தான், ஆனால் பேசி அல்ல. தேயிலைக் கம்பெனி ஒன்றில் டீயைச் சுவைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் உத்தியோகம். அதிலும் அவர் பிரிவு வாசனை டீ. ரோஜா, புதினா, ஆரஞ்சுத் தோல், பட்டை, எலுமிச்சைப் புல் என்று எதையாவது சேர்த்துக்கொண்டு வருகிற ரகங்கள் எல்லாம் அவர் நாக்கைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும்.

வேலை கேட்பதற்குச் சுகமாக இருக்கும். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, அடுத்த அறைக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று விட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட வேண்டும். நன்றாக இருந்தாலும் துப்ப வேண்டியதுதான், நாறினாலும் துப்ப வேண்டியதுதான். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போனால் வயிறு என்னத்துக்கு ஆகும்? துப்பிய கையோடு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "தூக்கல்." "சப்பு." "சோப்பு." அதோடு அந்த ரகத்தின் தலையெழுத்து முடிந்தது. கம்பெனியில் பேர் வைத்தவர்கள் முதலில் 'உறிஞ்சி' என்றுதான் வைத்தார்கள். அவர் வார்த்தைக்கு மேலிடத்தில் மதிப்பு ஏற ஏற, எதற்கு வம்பு என்று 'யார்' சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் கதை வேறு. காலையில் மனைவி கொண்டுவந்து வைக்கும் டீயைப் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே மூன்று மடக்கில் முடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஆசையாக, டீ எப்படி என்று கேட்டாள். "வீட்டுக்கு வந்தா நாக்குக்கு லீவு" என்றார் அவர். ஏதோ பெரிய ஜோக்கை அவிழ்த்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அதையே சொல்லிச் சிரிப்பார். மனைவியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்படித்தான் வருஷங்கள் போயின.

அவர்களுக்கு ஒரே மகள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவிக்கு இருந்தாள். கிளினிக் இருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஏன் இத்தனை தடவை ரிப்பேராகிறது என்று டாக்டர் அலுத்துக்கொண்டே இருந்தார். லிஃப்ட் பார்க்க வருகிற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் வீட்டில் வந்து நின்றபோது அந்த மர்மம் விலகியது. உறிஞ்சியாருக்கு ஆட்சேபணை இல்லை. பையன் தங்கமானவன்.

முட்டுக்கட்டை பையனின் அம்மாவிடம் இருந்தது. புருஷன் போன பிறகு, தையல்கடை ஒன்று காலி செய்த இடத்தைப் பிடித்து, அதில் வாசனை டீக்கடை போட்டு, ஒற்றை ஆளாக நின்று பையனை ஆளாக்கியவர் அவர். எந்த டீயில் எது எவ்வளவு என்பதெல்லாம் அவரே கண்டுபிடித்தது. கம்பெனியில் உட்கார்ந்து டீக்கு மார்க் போடுகிற மனுஷன் நம்மை ஒரு பொருட்டாக மதிப்பானா என்று அவருக்குச் சந்தேகம். பையன் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அங்கேயே இரண்டு குடும்பமும் சந்திப்பது என்று ஏற்பாடு செய்தான். அன்றைக்கு அம்மாவுக்கு மனசு ஒப்பினால் கல்யாணம், ஒப்பாவிட்டால் இல்லை. அம்மாவை மீறி எதுவும் செய்ய மாட்டேன் என்று அவன் முன்னாலேயே சொல்லிவிட்டான். அந்தக் குணத்துக்காகத்தான் அவனைப் பிடித்தது என்பதால் மகளால் அதற்குச் சண்டையும் போட முடியவில்லை.

பஸ்ஸில் போகும்போது மகள் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, அங்க போய் உறிஞ்சாதீங்க. துப்பாதீங்க. மார்க் போடாதீங்க. கப்பக் கையில குடுப்பாங்க. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

இது கூடவா எனக்குத் தெரியாது என்று அவர் கோபித்துக்கொண்டார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சின்னக் கடை. ஒன்றுக்கொன்று ஜோடி சேராத நாற்காலிகள். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். கதவைத் திறந்ததும் பட்டையும் ஆரஞ்சும் சேர்ந்து மூக்கில் ஏறின. பரவாயில்லையே, சரக்கு சுத்தம், என்று உறிஞ்சியாரின் மூக்கு தன்பாட்டுக்குத் தீர்ப்பு எழுதியது. அவர் அதை அடக்கினார். கடைக்காரம்மா புதுச்சேலை கட்டி, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகத்தோடு வரவேற்றார். முந்தின நாளெல்லாம் யோசித்து அவர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். வருகிறவர் டீ தெரிந்தவர், ஒரு ரகத்தை மட்டும் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று, தன்னிடம் இருந்த அத்தனை ரகத்தையும் போட்டு, நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பூன். மேசை ஓரத்தில் சர்க்கரைக் கட்டிகள் போட்ட கண்ணாடிக் கிண்ணம்.

ஒரே ஒரு கப்பைக் கையில் கொடுத்திருந்தால் மனுஷன் தப்பித்திருப்பார். விதி வரிசையாக வந்து நின்றது.

கடைக்காரம்மா வாடகை ஏறிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உறிஞ்சியார் 'ஊம்' கொட்டிக்கொண்டே மேசையோரம் நடந்தார். கை ஸ்பூனை எடுத்தது. 'ஸ்ர்ர்ர்.' துப்பினார். அடுத்தது ரோஜா. 'ஸ்ர்ர்ர்.' துப்பினார். "அளவு" என்றார். அடுத்தது இஞ்சி. உறிஞ்சினார், துப்பினார், "காட்டம்" என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கடைக்காரம்மா பேச்சை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது அவருக்கு உறைத்தது. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் வெள்ளைச் சர்க்கரைக் கட்டிகள் பழுப்பாகக் கரைந்துகொண்டிருந்தன.

கடைக்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிண்ணத்தை எடுத்து உள்ளே பார்த்தார்.

"எல்லாமே துப்புற மாதிரிதான் இருந்துச்சாண்ணே?"

உறிஞ்சியாருக்குக் காது சுட்டது. அய்யய்யோ அப்படியில்லை, இது தொழில் பழக்கம், நல்லதையும் துப்பத்தான் செய்வோம் என்று விளக்கப் போனார். விளக்கம் சொல்லச் சொல்லக் காரியம் இன்னும் கெட்டது. நன்றாக இருந்தாலும் துப்புகிற ஜாதியா இவர்கள் என்று அந்த அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"இத்தன வருஷம் நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுக்கு ஒத்த வார்த்தை. நாளைக்கு என் பையனுக்கும் அதான் நடக்கும். வேணாம்ணே, நமக்குள்ள ஒத்து வராது."

சொல்லிவிட்டு அவர் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தார். பையன் தரையைப் பார்த்தான். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை, அழுகைதான் இருந்தது. தன் பெண்ணின் வாழ்க்கையைத் தானே துப்பிவிட்டோம் என்று உறிஞ்சியாருக்கு உறுத்தியது.

அப்போது ஒரு கை வந்து கடைக்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. உறிஞ்சியாரின் மனைவி. இவ்வளவு நேரமும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அவள் முன்னால் பையன் தனியாக ஊற்றிக் கொடுத்த மூன்று கோப்பைகள் இருந்தன, மூன்றும் காலி.

"அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க. உங்க டீய இவர் ருசியாவது பாத்தாரு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் மழை வெயில் பற்றிப் பேசுகிற குரலில் தொடர்ந்தாள்.

"நான் கல்யாணமான புதுசுல ஏலக்காய் போட்டேன். என்ன போட்டேன்னு கேப்பாருன்னு நின்னேன். கேக்கல. அப்புறம் பட்டை போட்டேன். கொஞ்ச நாள் புதினா, கொஞ்ச நாள் மிளகு. ஒரு நாள் சர்க்கரையே போடல. அன்னைக்கும் குடிச்சிட்டு, டம்ளரத் தள்ளி வச்சிட்டு, பேப்பரத்தான் திருப்புனாரு."

உறிஞ்சியார் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க இந்தத் தடவை மனைவி வரவில்லை.

கடைக்காரம்மா கையில் இருந்த கோப்பைகளைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். காலிக் கோப்பைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, இதில் எது பிடித்தது என்று கேட்டார். கேள்வி பழக்கமில்லாததால் மனைவி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இஞ்சி. உள்ள போனப்புறம்தான் அது வேலையக் காட்டுது. இன்னொரு கப் கிடைக்குமா?"

"கிடைக்குமாவா?" என்று எழுந்தார் கடைக்காரம்மா.

அதன் பிறகு அந்த இரண்டு பெண்களும் பேசத் தொடங்கியதில் மற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரோஜாவோடு ஒரு சிட்டிகை மிளகு போட்டால் என்ன, ஆரஞ்சுத் தோலை வெயிலில் காய வைப்பதா நிழலிலா என்று போய்க்கொண்டே இருந்தது. டப்பாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மனைவி மோந்து பார்த்தாள், குடித்தாள், இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டினாள். அவள் இவ்வளவு பேசி உறிஞ்சியார் பார்த்ததில்லை. யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, ஆறிப்போன இஞ்சி டீயை எடுத்துக் குடித்தார். துப்பவில்லை. வாயில் காட்டமாக நின்றது தொண்டையில் இறங்கியதும் இதமாகிவிட்டது. காட்டம் என்று சொன்னது தப்பு. திருத்திச் சொல்லலாம் என்று பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது காரியம் பழுத்திருந்தது. கடைக்காரம்மா மகளின் தலையைத் தடவிவிட்டுத் தன் பையனிடம் திரும்பினார்.

"டேய், இவ என்ன போட்டுக் குடுத்தாலும் என்னன்னு கேட்டுக் குடி. கேக்காமக் குடிச்சன்னு தெரிஞ்சுது, நான் இவ பக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். உறிஞ்சியார் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், சர்க்கரை போடாத அந்த நாள் எந்த நாளாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தார். பிடிபடவில்லை.

மறுநாள் காலை பேப்பரை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. மனைவி வைத்துவிட்டுப் போகப் பார்த்தவள், பேப்பர் இல்லாததைக் கண்டு அடுப்படி வாசலிலேயே நின்றாள். உறிஞ்சியார் கம்பெனியில் செய்கிற மாதிரியே 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுற்ற விட்டு, விழுங்கினார்.

"ஏலக்காய்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனியே நம்பியிருக்கிற நாக்கு, மூலை முடுக்கெல்லாம் தேடியது.

"பட்டையா? ரொம்பக் கொஞ்சமா?"

"இல்ல."

அவர் தோற்றுப்போனார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன போட்டிருக்க?"

"ஒண்ணும் போடலங்க, வெறும் டீதான். போடுறத நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.