தெக்கோமாவுக்குத் தாகம்

கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்ற ஒரு மார்ச் மாதத்துப் பகலில்தான் எல்லாம் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி உஷாராணி கண் விழித்தாள். சாலையோரத் தெக்கோமா மரங்கள் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன.

"இது கனவாங்க?" என்றாள். பிறகு, "நம்ம வீட்டு முன்னுக்கு இப்படி ஒண்ணு நின்னா போதும்லா. வேற எதுவும் கேக்கமாட்டேன்."

முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அடுத்த வாரமே சுங்கை பூலோவில் ஒரு கன்று வாங்கி, கிள்ளானில் எங்கள் தெரஸ் வரிசை வீட்டு முன்னால் நட்டேன். நர்சரிக்கார பக்கிரிசாமி சொல்லித்தான் கொடுத்தார்: "அண்ணே, வேர் புடிக்கிற வரைக்கும்தான் தண்ணி. அப்புறம் காய விடுங்க. நல்லா காஞ்சாத்தான் அது பயந்து பூக்கும்."

இதை உஷாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கதவைத் திறந்ததும் அவள் அசந்துபோய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கிள்ளானில் ஒரு மரத்தைக் காய விடுவது லேசுப்பட்ட காரியமா? மத்தியானம் ஆனால் வானம் கறுத்துவிடும். வருஷா வருஷம் ஜனவரி பிறந்ததும் வேரைச் சுற்றிக் கென்வாஸ் படுதா விரித்து, கல் வைப்பேன். மழை வந்தால் குடையோடு ஓடி ஓரத்தை இழுத்துவிடுவேன்.

"மரத்துக்கு மழைக்கோட்டா?" என்று சிரிப்பாள் உஷா.

"வேர் அழுகிடும்," என்று புளுகுவேன்.

ஆறு வருஷம் ஓடியது. மரம் மாடி ஜன்னலைத் தாண்டியது. ஊரெல்லாம் தெக்கோமா பூக்கும்போது என்னுடையது மட்டும் பச்சைப் பசேலென்று நின்று என் மானத்தை வாங்கியது. எதிர்வீட்டு லோகன், "அங்கிள், உங்க மரம் இன்னும் லீவுலயா?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கிரிசாமிக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறேன். மரத்தைப் பார்த்தே கத்தியிருக்கிறேன்.

ஆனாலும் சாயங்காலம் அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். அரைத்தூக்கத்தில் கிளையெல்லாம் பூவாகத் தெரியும். காற்று அடித்தால் மடியில் வந்து விழும். கண்ணைத் திறந்தால் மடியில் ஒன்றும் இருக்காது.

இந்த வருஷம் பெப்ரவரியில், செமினியில் இருக்கும் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் குழந்தை பிறந்தது. பத்தியம் சமைத்துப் போட உஷா நாற்பது நாளைக்குப் போனாள். எனக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. வீட்டில் அடுப்பே எரியவில்லை. வெயிலும் காய்ந்து தள்ளியது. மூன்றாவது வாரம் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

முப்பத்தைந்தாம் நாள் காலை எழுந்தபோது கூடத்துச் சுவர் ரோஸ் நிறமாக இருந்தது. தூக்கம் கலையாமல் வெளியே வந்தேன். கிளையே தெரியாமல் பூ. வெளிச்சமே வேறாக இருந்தது. கேட், கார், என் கைகள் எல்லாம் அந்த நிறத்தில் ஊறியிருந்தன. செருப்புகூடப் போடாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தேநீர்க் கோப்பையில் ஒரு பூ விழுந்தது. அதை எடுக்காமலே குடித்தேன். லோகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். அறுபத்திரண்டு வயதில் நான் ஒரு மரத்தடியில் நின்று அழுதேன்.

உஷாவைப் போனில் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில வந்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வேருக்குக் கென்வாஸ் உண்டு, பூவுக்கு எதை விரிப்பது? ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மருமகன் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டான். கிளையில் சில கொத்துகளே மிச்சம். கேட்டிலிருந்து வாசற்படி வரை தரையெல்லாம் பூ. உஷா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் மெல்ல நடந்தாள்.

"பூத்துருச்சாங்க!"

பிறகு குனிந்து கென்வாஸைத் தூக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "நான் இல்லாதப்ப இதுக்கு யாருங்க தண்ணி ஊத்தினா? எனக்கு அங்க அதே கவலை. நீங்க பாட்டுக்கு மூடி வெச்சிடுறீங்க, பாவம், வாயில்லாத சீவன். அதான் தெனமும் நீங்க குளிக்கப் போற நேரமாப் பாத்து, அரிசி கழுவின தண்ணிய ஊத்திருவேன். ஆறு வருஷமா ஒருநாள்கூட விட்டதில்ல."

ஆறு வருஷம்! குடையோடு ஓடிய ஓட்டமெல்லாம் கண் முன்னால் வந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவளோ, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மரத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் ஊத்துனேன்," என்றேன்.

"தெனமுமா?"

"தெனமும்."

"பாத்தீங்களா, அதான் பூத்திருக்கு."

மத்தியானச் சமையலுக்கு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது: "என்னங்க, அரிசி கழுவியாச்சு!"

அவள் இருக்கும் வீட்டில் இந்த மரம் இனிப் பூக்காது. எனக்கு அது நன்றாகவே தெரியும். அரிசி கழுவின தண்ணீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய், கென்வாஸைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, முழுவதையும் வேரில் ஊற்றினேன்.