வேல்விழி வாய் திறக்கிற இடம்

1.

இந்தக் கதை மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சாளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி இன்னொருத்தியிடம், "மாத்திர போடலன்னா வேலைக்குக் கை நீள மாட்டேங்குக்கா" என்றாள். அன்றைக்கு வீட்டில் மீன்குழம்பு இல்லை.

2.

முதல் தொடக்கம்: குடித்துவிட்டுப் பிரசவ வார்டு வாசலில் செல்லப்பாண்டி தள்ளாடி...

அடித்துவிட்டேன். குடிகார அப்பனை எழுதுவது சுலபம், திட்டுவதற்கு ஊரே இருக்கிறது. ஆனால் நான் கேட்டது அவன் குரலை அல்ல.

(செல்லப்பாண்டி துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். டீயைத் தவிர எதையும் தொடாதவனாக மாற்றியிருக்கிறேன். புருஷன் இவ்வளவு நல்லவனாக இருப்பதுதான் வேல்விழிக்கு இன்னும் பயம்.)

3.

வேல்விழி இறால் உரிக்கிறவள். நாள் முழுக்க ஐஸில் கிடக்கும் கையின் வலி தோள்வரை ஏறும். கூட வேலை பார்த்தவள் ஒரு மாத்திரை தந்தாள். முதலில் வலிக்காகப் போட்டாள். பிறகு, போடாவிட்டால் உடம்பு உதறுகிறதே என்று போட்டாள். வயிற்றில் பிள்ளை வந்தபின் நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

பெண் குழந்தை பிறந்து இன்று மூன்றாம் நாள். கைகால் வெடவெடக்கிறது. கீச்சுக்குரலில் ஓயாமல் அழுகிறது. மார்பில் வாய் வைத்ததும் விலகிக்கொள்கிறது.

"பிள்ளைக்கு உரம் விழுந்துட்டு ஏளா. இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது, கெளம்பு" என்கிறான் செல்லப்பாண்டி.

(உரம்: பச்சைப்பிள்ளை ஓயாமல் அழுதால் உடம்பில் சுளுக்கு என்பார்கள். சேலையில் போட்டு உருட்டி எடுப்பார்கள்.)

உரம் எடுக்கிறவள் ஓட்டப்பிடாரத்தில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக முடிவுசெய்து, ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டான்.

இது உரமில்லை என்று வேல்விழிக்குத் தெரியும். மாத்திரை போடாத நாளில் தன் உடம்பு எப்படி உதறியதோ அப்படியேதான் பிள்ளையும் உதறுகிறது. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறாள். சொல்லாவிட்டால் பிள்ளை ஆட்டோவில் ஏறிவிடும்.

4.

எனக்கும் பதற்றமாகத்தான் இருக்கிறது. சுவரில் 'பயப்படாமல் சொல்லுங்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டிப் பார்த்தேன். அவள் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே? கிழித்துவிட்டேன்.

(அவளுக்குத் தெரியாதது: சொன்னால், இந்த வார்டில் விளக்கைக் குறைப்பார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் நெஞ்சிலேயே கிடத்துவார்கள். தேவையென்றால் மருந்து கொடுப்பார்கள். அவளுக்கும் வைத்தியம் உண்டு. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் காதில் போடத்தான் வழியில்லை.)

5.

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. ஆட்டோ மூன்றாம் மைலைத் தாண்டும்போது பிள்ளையின் உடம்பு விறைத்து...

இல்லை. இதை எழுத எனக்குத் தைரியமில்லை.

முடிவு இரண்டு: நர்ஸ் ஜீவமணி பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வார்டு முழுக்கப் பிள்ளைகள் அழுகின்றன. அவளும் எத்தனை பிள்ளைகளைத்தான் பார்ப்பாள்?

6.

அதனால் ஜீவமணியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். மன்னியுங்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை.

செல்லப்பாண்டி கையெழுத்துப் போடப் போயிருக்கிறான். கீழே ஆட்டோ வந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேல்விழி உங்களிடம் வருகிறாள்.

"சிஸ்டர், இது உரம் இல்ல. நான் வந்து..."

நிறுத்திவிட்டாள். மீதியைச் சொல்லலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். முகத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்?